எழுதி முடிப்பதும் ஆள் சேர்ப்பதும்

முதல் முப்பது பக்கம் யாருக்கும் வந்துவிடும். ஊர் வரலாறு எழுதப் புகுந்தவர் கோயில், குளம், முதலில் குடியேறிய குடும்பங்கள் என்று ஒரு மாதத்தில் ஒரு நோட்டை நிரப்பிவிடுவார். நாவல் எழுதுகிறவருக்கு நாயகனின் சிறுவயது தானாக வந்து விழும். அறுபது, எழுபதாம் பக்கத்தில் வண்டி மணலில் இறங்கும். நம் ஊர்களில் மேசை இழுப்பறைகளுக்குள் கிடக்கும் பாதி நூல்களில் பெரும்பாலானவை அந்த இடத்தில் நின்றவைதான்.

தமிழில் பெரிய நூல்கள் எப்படி எழுதி முடிக்கப்பட்டன என்று பார்த்தால், பலவற்றுக்குப் பின்னால் ஒரு வாரப் பத்திரிகை இருக்கும். கல்கி ‘பொன்னியின் செல்வ’னை 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதினார். உ.வே.சாமிநாதையர் ‘என் சரித்திர’த்தை 1940-இல் ஆனந்த விகடனில் தொடங்கும்போது அவருக்கு வயது எண்பத்தைந்தை ஒட்டியிருந்தது. 1942-இல் அவர் மறையும்வரை தொடர் வந்துகொண்டிருந்தது. கதை முழுமையாகவில்லை, ஆனாலும் இன்றுவரை நாம் படிப்பது அந்தத் தொடரைத்தான். “சாவகாசமாக ஒரு சுயசரிதை எழுதுவோம்” என்று அவர் உட்கார்ந்திருந்தால் நமக்கு என்ன கிடைத்திருக்கும் என்று சொல்ல முடியாது. அச்சுக்கூடத்தில் அச்சுக் கோப்பவர் காத்திருந்தார், கடைவாசலில் வாசகர் காத்திருந்தார். காத்திருக்கும் ஆள் இருந்ததால் எழுத்து நகர்ந்தது.

புதியவருக்கு இன்று எந்த வார இதழும் தொடர் தரப்போவதில்லை. அந்தக் காத்திருப்பை நீங்களேதான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். வழிகாட்டி நூல்கள் வழக்கமாக எழுதுவதை ஓர் அத்தியாயத்திலும் வாசகரைத் தேடுவதை நூலின் கடைசியிலும் வைக்கும். இரண்டும் ஒரே வேலை என்பது என் எண்ணம். அதனால் இங்கே சேர்த்தே சொல்கிறேன்.

வாரக் கெடு

தினமும் எழுதுங்கள் என்ற அறிவுரையை வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வதில்லை. ஜெயமோகன் 2014 ஜனவரியில் ‘வெண்முர’சைத் தொடங்கி, நாளுக்கு ஓர் அத்தியாயம் வெளியிட்டு, 2020 ஜூலையில் 26 நாவல்களாக முடித்தார். அது அவருக்குக் கூடியது. மற்றவர்களுக்கு அந்த அளவுகோல் குற்ற உணர்வைத்தான் தரும். இரண்டு நாள் விட்டுப்போனால் மூன்றாம் நாள் நோட்டைத் திறக்கவே கூச்சமாகிவிடும்.

வாரத்துக்கு 1,000 சொற்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணம், காய்ச்சல், பிள்ளைகளின் தேர்வு, தீபாவளி என்று வருடத்தில் பன்னிரண்டு வாரம் போனாலும் மீதி நாற்பது வாரத்தில் 40,000 சொற்கள் சேரும். டெமி அளவில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 230 தமிழ்ச் சொற்கள் பிடிக்கும். அந்தக் கணக்கில் 175 பக்கம் வருகிறது. பதினாறு பக்கம் ஒரு ஃபாரம் என்றால் பதினொரு ஃபாரம். முதல் நூலுக்கு இதற்கு மேல் வேண்டாம்.

இந்த 1,000 சொற்களை ஒவ்வொரு சனிக்கிழமை இரவும் ஒருவருக்கு அனுப்ப வேண்டும். யாருக்கு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கணவன், மனைவிக்கு அனுப்பாதீர்கள். அவர்கள் பாராட்டியாக வேண்டிய கட்டாயத்தில் இருப்பவர்கள். இன்னொரு எழுத்தாளருக்கும் வேண்டாம், அவர் தன் நூலை உங்கள் நூலுக்குள் எழுதத் தொடங்கிவிடுவார். நீங்கள் எழுதும் விஷயம் யாருக்கு வேண்டுமோ அவர்தான் ஆள். உப்பளம் பற்றி எழுதினால் அளத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர். பள்ளிக்கூட நாவல் என்றால் ஓர் ஆசிரியர். அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எந்த இடத்தில் போனைக் கீழே வைத்தீர்கள்? எழுத்து நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்றுதான் பதில் வரும். கீழே வைத்த இடத்தை மட்டும் மனிதர்கள் மறைப்பதில்லை.

ஆறேழு வாரம் ஒழுங்காக அனுப்பிவிட்டு ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வரும்.

“தம்பி, நேத்து ஒண்ணும் வரலியே? உடம்புக்கு ஏதாச்சுமா?”

“இல்ல சார், ஆபீஸ்ல ஆடிட்டு. நைட் அனுப்பிடறேன்.”

“மெதுவா அனுப்புங்க. அந்தக் கணக்குப்பிள்ளை பாதியில நிக்கிறானே, அதான் கேட்டேன்.”

அன்று இரவு நீங்கள் எழுதிவிடுவீர்கள்.

எழுதும் செய்தியை ஊருக்கெல்லாம் சொல்லிவைத்தாலும் இதே பலன் கிடைக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். கிடைக்காது. கல்யாண வீட்டுப் பந்தியில் “என்னப்பா, புத்தகம் எப்ப வருது?” என்று கேட்கும் சித்தப்பா உங்கள் பக்கங்களுக்காகக் காத்திருப்பவர் அல்ல. இரண்டு வருடம் அதே கேள்வியைக் கேட்ட பிறகு நீங்கள் அந்தப் பந்தியையே தவிர்க்கத் தொடங்குவீர்கள்.

உட்காரும் நேரத்தை வீணாக்காமல் இருக்கச் சில பழக்கங்கள் உதவும். எழுந்திருக்கும்முன் அடுத்து வரவேண்டியதைப் பேச்சுமொழியில் இரண்டு வரி கிறுக்கி வையுங்கள்; மறுமுறை வெறும் பக்கத்தின்முன் உட்கார நேராது. முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டு வராதீர்கள், கடைசிப் பக்கம் போதும். தெரியாத தகவல் குறுக்கிட்டால் மூன்று நட்சத்திரம் போட்டுவிட்டுத் தாண்டிப் போங்கள். தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு ராமேஸ்வரத்துக்கு ரயில் எப்போது திரும்பியது என்று பார்க்க நூலகத்துக்குப் போனவர், பழைய நாளிதழ்க் கட்டுகளுக்குள் மூன்று வாரம் தொலைந்துபோவார். சுவாரசியமாகத்தான் இருக்கும், நூல் நகராது. நட்சத்திரங்கள் இருபது, முப்பது சேர்ந்த பிறகு ஒரு நாள் விடுப்பெடுத்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்த்துவிடலாம்.

இன்னொன்று: முதல் நாளிலிருந்தே யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பழைய எழுத்துருக்களில் அடித்ததை வடிவமைப்பாளர் மாற்றும்போது கொம்பும் காலும் இடம்பெயரும். போனில் பேசித் தட்டச்சு செய்வதும் இப்போது நன்றாகவே வருகிறது. முற்றுப்புள்ளியும் ஒற்றும் வராது, பிறகு போட்டுக்கொள்ளலாம்.

எழுபதாம் பக்கம்

மணலில் இறங்கியவர்கள் தங்களைச் சோம்பேறி என்று திட்டிக்கொள்வார்கள். பெரும்பாலும் சரக்கு தீர்ந்திருக்கும், அவ்வளவுதான். முதல் முப்பது பக்கம் நினைவிலிருந்து வந்தது. பல வருடம் மனத்தில் ஓடியதால் சரளமாக வந்தது. அதற்குமேல் நீங்கள் போய்ப் பார்த்து, கேட்டு, எழுதிக்கொண்டு வந்தாக வேண்டும். ராஜம் கிருஷ்ணன் இதை ஒரு முறையாகவே வைத்திருந்தார். எந்த மக்களைப் பற்றி எழுதுகிறாரோ அவர்கள் நடுவே போய்த் தங்கிப் பழகிவிட்டு எழுதினார். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய ‘கரிப்பு மணிகள்’ (1979) அப்படி வந்ததுதான். நின்றுபோன கையெழுத்துப் பிரதியின்முன் தினமும் உட்கார்ந்து தவம் செய்வதைவிட இரண்டு சனிக்கிழமை வெளியே அலைவது மேல். அந்த இரண்டு வாரமும் உங்கள் சனிக்கிழமை வாசகருக்குச் சேகரித்த குறிப்பை அனுப்புங்கள். கெடு மட்டும் அறுந்துவிடக் கூடாது.

சரக்கு கையில் இருந்தும் நிற்கிறது என்றால், பெரும்பாலும் நூல் உங்களுக்குத் தெரியாமல் விஷயத்தை மாற்றிக்கொண்டிருக்கும். தாத்தாவின் அச்சகத்தைப் பற்றித் தொடங்கியது பாட்டியின் கதையாகியிருக்கும். கண்டுபிடிப்பது எளிது. இந்த நூல் எதைப் பற்றியது என்று இன்றைய நிலையில் அரைப் பக்கம் எழுதி, முதல் அத்தியாயத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் வேறாக இருந்தால் முன்னால் போய்த் திருத்தவே திருத்தாதீர்கள். முதல் அத்தியாயம் ஏற்கெனவே மாறிவிட்டது என்று வைத்துக்கொண்டு எழுபத்தோராம் பக்கத்தை எழுதுங்கள். திரும்பிப் போய் முதல் அத்தியாயத்தை நான்கு தடவை எழுதியவர்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் மிக அழகான முதல் அத்தியாயம் இருக்கிறது.

மெதுவாக எழுதுவதில் தவறில்லை. சுந்தர ராமசாமியின் மூன்று நாவல்களும் 1966, 1981, 1998 ஆகிய ஆண்டுகளில் வந்தவை. ஆனால், அவரைச் சாட்சிக்கு அழைக்கும் முன், அந்த மூன்றும் முடிக்கப்பட்டவை என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முடிவுத் தேதி

நூல் முடிந்துவிட்டது என்ற நிறைவு வந்த பிறகு முடிக்கலாம் என்று இருந்தால் அது வராது. தேதியை வெளியிலிருந்து எடுங்கள். தமிழ்ப் பதிப்புலகம் சென்னைப் புத்தகக் காட்சியைச் சுற்றி இயங்குவது. 1977-இல் தொடங்கிய அந்தக் காட்சி பொங்கலை ஒட்டி நடக்கிறது. டிசம்பரில் அச்சகங்களில் மூச்சுவிட இடமிருக்காது. ஆகவே ஜனவரியில் நூல் வேண்டுமென்றால் நவம்பரில் கடைசி மெய்ப்பு முடிந்திருக்க வேண்டும். அக்டோபரில் பக்க வடிவமைப்பு. ஆகஸ்டு, செப்டம்பர் செம்மையாக்கலுக்கு. ஜூலைக்குள் பதிப்பாளர் கையில் பிரதி இருந்தாக வேண்டும். நவம்பரில் பிரதியைக் கொடுத்துவிட்டு ஜனவரியில் கேட்டால் பிழைகளோடுதான் நூல் வரும்.

முதல் நூலை ஜனவரியில் கொண்டுவர வேண்டாம் என்பது என் யோசனை. நந்தனம் மைதானத்தில் அந்த இரண்டு வாரமும் பெயர்பெற்றவர்களின் புதிய நூல்களே ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு நிற்கும். ஈரோட்டுக்காரர் என்றால் ஆகஸ்டில் நடக்கும் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்குக் கொண்டுவரலாம். 2005 முதல் நடக்கிறது, சுற்றுவட்டாரமே திரளும். கோவை, மதுரை, நெய்வேலிக்கும் தனித்தனிக் காலம் உண்டு. இப்போது மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடக்கிறது. உங்கள் மாவட்டத்தில் உங்கள் நூலுக்கு ஓர் இடம் இருக்கும்.

இரண்டாம் எழுத்தில் செய்யவேண்டியது பெரும்பாலும் வெட்டுதல். சனிக்கிழமை வாசகர் போனைக் கீழே வைத்த இடங்களின் பட்டியல் உங்களிடம் இருக்கிறது, அங்கிருந்து ஆரம்பியுங்கள். முதல் நூல்களில் பல இரண்டாம் அத்தியாயத்தில்தான் உண்மையில் தொடங்குகின்றன. முதல் அத்தியாயம் ஆசிரியர் தொண்டையைச் சரிசெய்துகொள்வது. உரக்கப் படியுங்கள், மூச்சு முட்டும் வாக்கியத்தை உடையுங்கள். ஒற்றுப்பிழையை மட்டும் நீங்களே பார்க்காதீர்கள். எழுதியவர் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது. தமிழில் பல பதிப்பகங்கள் மெய்ப்புப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்கின்றன. பிரதியைச் செம்மையாக்கும் எடிட்டர் இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் நீங்கள் காசு கொடுத்தாவது ஒருவரிடம் காட்டுங்கள். அட்டைக்கும் விழாவுக்கும் செலவழிக்கிற பணத்தில் இதற்கு ஒதுக்கினால் நூல் தப்பிக்கும்.

ஐம்பது பெயர்கள்

பாரதி 1920-இல் தன் எழுத்துகளை 40 நூல்களாக, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அச்சிடத் திட்டமிட்டுக் கடையத்திலிருந்து சுற்றறிக்கை அனுப்பினார். மண்ணெண்ணெய், தீப்பெட்டிபோல் வீட்டுக்கு வீடு தன் நூல் போக வேண்டும் என்பது அவர் கணக்கு. பணம் சேரவில்லை, மறு வருடம் அவரே இல்லை. அவர் பாரதி, அந்த ஆசைக்கு உரியவர். நாம் ஐம்பதில் தொடங்குவோம்.

முப்பதாம் பக்கத்தைத் தாண்டியதும் நோட்டின் பின்பக்கத்தில் பெயர்களை எழுதத் தொடங்குங்கள். “இலக்கிய ஆர்வலர்கள்” என்று எழுதினால் அது பெயர் அல்ல. இந்த நூலை விலை கொடுத்து வாங்கக்கூடிய, உங்களுக்கு முகம் தெரிந்த ஆட்களை எழுதுங்கள்: ஊர்ச் சங்கச் செயலாளர், தகவல் தந்த பெரியவரின் மகன், அதே தொழிலில் இருக்கும் இருவர், கிளை நூலகர், உங்கள் பழைய தமிழாசிரியர். களத்துக்குப் போகும்போதெல்லாம் பெயர்கள் கூடும். பேட்டி கொடுத்தவர் வாசகராவது இயல்பு. தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று பார்க்கவாவது வாங்குவார். பிரதி முடியும்போது ஐம்பது பெயர்கூடச் சேரவில்லை என்றால், நூல் யாருக்கு என்ற கேள்வியை நீங்கள் தள்ளிப்போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

இதில் புதுமை ஒன்றும் இல்லை. அச்சிடுவதற்கு முன்பே கையொப்பம் வாங்கி ஆள் சேர்ப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு வழக்கம். ‘சீவக சிந்தாமணி’ (1887) பதிப்புக்கு உ.வே.சா.வும் அப்படித்தான் ஆள் சேர்த்தார். இன்று முன்வெளியீட்டுத் திட்டம் என்கிறோம்: நூல் வரும்முன் குறைந்த விலையில் பதிவு. ஜிபே வந்த பிறகு நடத்துவதும் சுலபம். பிரதி முழுமையாகி, பக்கமும் விலையும் தெரிந்த பிறகே காசு வாங்குங்கள். அட்டைப்படத்தை மட்டும் காட்டிப் பணம் வாங்கிவிட்டு நூலை எழுதிக்கொண்டிருப்பவர் பிறகு எந்தக் கூட்டத்துக்கும் நிம்மதியாகப் போக முடியாது.

ப.சிங்காரத்தை நினைக்காமல் இந்தப் பகுதியைத் தாண்ட முடியவில்லை. ‘புயலிலே ஒரு தோணி’ 1972-இல் வந்தது. அதற்குரிய வாசகர்கள் திரண்டது பல வருடங்களுக்குப் பின்னால். இன்று தமிழின் சிறந்த நாவல்களைப் பட்டியலிடுகிறவர்கள் அதை விடுவதில்லை. அவர் எழுதிய நாவல்கள் மொத்தம் இரண்டு. அந்தக் காலத்தில் ஐம்பது பேர் அடுத்தது எப்போது என்று அவரைக் கேட்டிருந்தால் மூன்றாவது வந்திருக்குமா என்று யோசிப்பதை என்னால் தவிர்க்க முடிவதில்லை.

கையெழுத்துப் போடும்முன்

அச்சு எண்ணிக்கை: முன்பு 1,000, 1,200 என்று அடித்தார்கள். இப்போது டிஜிட்டல் அச்சில் 100, 200 பிரதிகூட அடிக்கலாம். பிரதி ஒன்றுக்குச் செலவு கூடும், ஆனால் கட்டிலுக்கு அடியில் கட்டுகள் தேங்காது. முதல் நூலுக்கு 200 போதும்.

பதிப்பாளரோடு வாய்ப்பேச்சில் முடித்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் (1957) உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்கிறது. ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆகவே காலம், மின்னூல் உரிமை, மொழிபெயர்ப்பு உரிமை மூன்றையும் தனித்தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். ராயல்டி பத்து சதவீதம் என்பது பொதுவாகப் பேசப்படும் அளவு. பணத்துக்குப் பதிலாகப் பிரதி என்றால் எத்தனை என்பதும் தாளில் இருக்கட்டும்.

நீங்களே பதிப்பிக்கிறீர்கள் என்றால், ஐ.எஸ்.பி.என். எண்ணை டெல்லியில் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கட்டணமின்றித் தருகிறது. காசு கேட்கும் இடைத்தரகர் தேவையில்லை. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூல் வெளியான முப்பது நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும். பலர் செய்வதில்லை. நூற்றாண்டு கழித்து உங்கள் ஊரைப் பற்றித் தேடி வரும் ஆராய்ச்சியாளருக்காகவாவது கன்னிமாராவுக்கு ஒன்று போகட்டும்.

பையைத் தூக்குதல்

வெளியீட்டு விழா எனக்கு உவப்பானது அல்ல. மண்டப வாடகை, பொன்னாடை, நூலைப் படிக்காமல் மேடையேறும் ஐந்து பேச்சாளர்கள், கடைசியில் இருபது பிரதி விற்பனை. அதே செலவில் மூன்று ஊர்களில் வாசகர் கூட்டம் வைக்கலாம். அரசுக் கிளை நூலகங்களில் வாசகர் வட்டங்கள் இருக்கின்றன. நூலகரிடம் கேட்டால் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடம் கிடைக்கும். ஒருவாரம் முன்பே பத்துப் பேருக்குப் பிரதி கொடுத்துவிடுங்கள். படித்தவர் பேசினால் படிக்காதவர் வாங்குவார். அணிந்துரையும் ஒன்று போதும், நான்கு இருந்தால் வாசகர் அத்தனையையும் புரட்டிவிட்டு நூலுக்கு வருவதற்குள் களைத்துப்போவார்.

சி.சு.செல்லப்பா எழுத்து பிரசுரத்தின் நூல்களைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். 1959-இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கி 1970 வரை நடத்தியவர். ‘சுதந்திர தாகம்’ என்ற பெரிய நாவலை மூன்று பாகங்களாக 1997-இல் தானே பதிப்பித்தபோது அவருக்கு வயது எண்பத்தைந்து. மறு வருடம் காலமானார். அந்த நாவலுக்கு 2001-இல் சாகித்திய அகாதெமி விருது அறிவித்தார்கள். அவர் விற்ற முறையைத் தியாகம் என்று சொல்லி ஒதுக்கிவைக்கிறோம். எனக்கு அது நல்ல வியாபாரமாகவும் தெரிகிறது. நேரில் வாங்கிய பேராசிரியர் வகுப்பில் பேசினார், மாணவர் படித்தார், அவர்களில் சிலர் எழுதவும் வந்தார்கள். இணையக் கடையில் ஏற்றிவிட்டுக் காத்திருப்பவருக்கு இந்தச் சங்கிலி கிடைக்காது. ஏற்றுங்கள், வெளிநாட்டு வாசகருக்கு அதுதான் வழி. கிண்டிலில் தமிழ் நூலை நீங்களே போட்டுக்கொள்ளலாம். ஆனால் முதல் ஐம்பது பிரதியை அந்த நோட்டில் இருக்கும் பெயர்களுக்கு உங்கள் கையால் கொடுங்கள், காசு வாங்கிக்கொண்டு. கும்பிட்டு இலவசமாகக் கொடுத்த நூல் பூஜையறையிலோ பரணிலோ போய்ச் சேரும்.

பழைய தமிழ் நூல்களில் ஆசிரியரின் முகவரியை முதல் பக்கங்களில் அச்சிடுவார்கள். நீங்களும் ஒரு மின்னஞ்சலையோ தொலைபேசி எண்ணையோ போடுங்கள். அழைப்பவர்களில் பாதிப்பேர் பாராட்டுவார்கள். மற்றவர்கள் 94-ஆம் பக்கத்தில் எங்கள் தாத்தா பெயர் தப்பு, அந்தக் கிணறு தெற்குத் தெருவில் இல்லை என்பார்கள். வாதாட வேண்டாம். ஒரு பிரதியைத் திருத்தப் பிரதி என்று எழுதித் தனியாக வைத்து, சிவப்பு மையில் அந்தந்தப் பக்கத்திலேயே குறித்து, சொன்னவர் பெயரையும் ஓரத்தில் எழுதுங்கள். 200 பிரதி தீர்ந்து அடுத்த அச்சுக்குப் போகும்போது வடிவமைப்பாளரிடம் கொடுக்க வேண்டியது அந்தப் பிரதிதான். பிழை சொன்னவர்களுக்குப் புது அச்சில் ஆளுக்கொன்று விலையில்லாமல் அனுப்பிவிடுங்கள்.